போட்டோதானே, அதுல என்ன இருக்கு?



சென்ற இதழில் செல்போன் வழியாகக் கடன் தரும் செயலிகளைப் பற்றிப் பேசினோம். பல குழுக்களில் அதை வாசித்துக் காட்டி விவாதித்ததாக ஊக்குநர்கள் சொன்னார்கள். மகிழ்ச்சி. அதோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். நம்ம முகம். கணினி நம் முகத்தை வைத்தே நம்மைத் தேடிப் பிடிக்கும் காலம் வந்துவிட்டது. அது எப்படி நடக்கிறது, அதனால் யாருக்கு ஆபத்து, நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

பாடத்துக்கு முன்னால் நம்ம தப்பை நாமே சொல்லிவிடுகிறோம்.

நம்ம கூட்டமைப்பு செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் மகளிர் தின விழா நடத்தினோம். நாற்பது பேர் மேடையில் நின்று குரூப் போட்டோ எடுத்தோம். அன்று சாயந்திரமே கூட்டமைப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் அதைப் போட்டோம். குழு பெயர், ஊர் பெயர் எல்லாம் கீழே எழுதினோம். எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தப் போட்டோவில் ஒரு உறுப்பினர் இருந்தார். புருஷனுடைய அடி தாங்காமல் இரண்டு வருடம் முன்பு பிள்ளையோடு கிளம்பி வந்தவர். வேறு மாவட்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, குழுவில் சேர்ந்து, உள்கடன் வாங்கி ஒரு தையல் மெஷின் போட்டிருந்தார். அவர் இருக்கும் இடம் புருஷன் வீட்டாருக்குத் தெரியாது. போட்டோ வெளிவந்து ஒரு வாரத்தில் கொழுந்தன் அந்த ஊர் டீக்கடையில் வந்து நின்று விசாரித்தார். யாரோ ஒரு உறவுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து, செல்போனில் அனுப்பியிருக்கிறார்.

குழு உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து அவரை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். புகார் கொடுத்தார்கள். போட்டோவை அன்றே நீக்கினோம். ஆனாலும் அவர் மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. பிறகு வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அக்கா?"

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினோம். இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டோம்.

அன்று அவரைக் கண்டுபிடிக்க, அவரைத் தெரிந்த ஒருவரின் கண் அந்தப் படத்தின் மேல் தற்செயலாக விழவேண்டியிருந்தது. இன்று அந்தத் தற்செயல் தேவையில்லை. ஒரு பழைய கல்யாணப் போட்டோ கையில் இருந்தால், "இந்த முகம் வேறு எங்கே இருக்கிறது?" என்று கணினியிடம் கேட்கும் வசதி வந்திருக்கிறது. இதுதான் நாம் புரிந்துகொள்ள வேண்டிய மாற்றம்.

கணினி முகத்தை எப்படிப் படிக்கிறது?

தையல் தொழில் செய்யும் உறுப்பினர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அளவு நோட்டில் ஒவ்வொருவருக்கும் உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை என்று எண்களை எழுதி வைத்திருப்பீர்கள். பேர் அழிந்துபோனாலும் எண்களைப் பார்த்தே, "இது அந்த டீச்சரோட அளவு" என்று சொல்லிவிடுவீர்கள்.

கணினியும் முகத்துக்கு இப்படி ஒரு அளவு எடுக்கிறது. முதலில் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. சாய்ந்த முகத்தை நேராக்கிக்கொள்கிறது. பிறகு அந்த முகத்தை ஒரு வரிசை எண்களாக மாற்றுகிறது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஒரு முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். ஒரே ஆளின் இரண்டு படங்களை எடுத்தால் இந்த எண்கள் கிட்டக்கிட்ட வரும். வேறு ஆள் என்றால் தள்ளிப்போகும். இது தவிர மந்திரம் ஒன்றும் இல்லை.

இதில் ஃபேஸ்புக் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. இரண்டு படங்களைக் காட்டி, "ஒரே ஆளா, வேறு ஆளா?" என்று கேட்டால் மனிதர்கள் நூற்றுக்குச் சுமார் 97.5 தடவை சரியாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய கணினி நூற்றுக்கு 97.35 தடவை சரியாகச் சொன்னது. கிட்டத்தட்ட நம்ம கண் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் நம்ம கண் ஒரு நாளில் எத்தனை போட்டோ பார்க்கும்? கணினி கோடிக்கணக்கான முகங்களைச் சில நொடிகளில் ஒப்பிட்டுவிடும்.

"நீங்கதானா?" வேறு, "இது யாரு?" வேறு

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை: ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க, 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி உண்டு. அங்கே கணினி கேட்கும் கேள்வி, "நீங்கதானா?" என்பது. ஏற்கனவே பதிவில் இருக்கும் உங்கள் முகத்தோடு மட்டும் சரிபார்க்கிறது. நாம் யார் என்று நாமே சொல்கிறோம். நமக்குத் தெரிந்துதான் நடக்கிறது.

இரண்டாவது வகை: யாரோ ஒருவர் நம் படத்தைக் கொடுத்து, "இது யாரு?" என்று கேட்கிறார். கணினி தன்னிடம் உள்ள எல்லா முகங்களோடும் ஒப்பிட்டு, இந்த முகம் இன்ன இன்ன இடத்தில் இருக்கிறது என்று பட்டியல் தருகிறது. நமக்குத் தெரியவே தெரியாது. நம்மைக் கேட்கவும் மாட்டார்கள். இந்தப் பாடம் இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

கூகுளில் 2011-லேயே படத்தைக் கொடுத்துப் படத்தைத் தேடும் வசதி வந்தது. அது பெரும்பாலும் அதே படம், அல்லது அதைப்போன்ற படம் எங்கே இருக்கிறது என்று காட்டுவது. முகத் தேடல் அப்படி இல்லை. இருபது வயதில் எடுத்த படத்தைக் கொடுத்தால், முப்பது வயதில் வேறு ஊரில், வேறு புடவையில், கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் படத்தையும் எடுத்துக் கொடுக்கக்கூடும். கூகுள் நிறுவனத்தின் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட், இப்படிப்பட்ட வசதியைச் செய்து பார்த்துவிட்டு, வெளியே விடாமல் நிறுத்தி வைத்ததாக 2011-ல் சொன்னார். அவர்களே யோசித்த விஷயத்தை அடுத்து வந்தவர்கள் யோசிக்கவில்லை.

ரஷ்யாவில் நடந்தது

2016-ல் ரஷ்யாவில் 'ஃபைண்ட்ஃபேஸ்' என்ற சேவை வந்தது. நம்ம ஊரில் ஃபேஸ்புக் போல அங்கே 'விகோன்டாக்டே' என்ற வலைத்தளம். அதில் கோடிக்கணக்கானவர்களின் படங்கள். தெருவில் போகும் ஒருவரைச் செல்போனில் படம் பிடித்து ஃபைண்ட்ஃபேஸில் போட்டால், அவருடைய விகோன்டாக்டே பக்கம் வந்து நிற்கும். பேர், ஊர், நண்பர்கள் எல்லாம்.

அங்கே ஒரு புகைப்படக் கலைஞர் மெட்ரோ ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுத்து, பலருடைய பக்கங்களைக் கண்டுபிடித்துக் காட்டினார். எவ்வளவு சுலபம் என்று மக்கள் புரிந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான் அவர் அப்படிச் செய்தார். ஆனால் சில வாரங்களில் ஒரு கூட்டம் அதே வசதியை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. ஆபாசப் படங்களில் நடித்த பெண்களையும், பாலியல் தொழில் செய்த பெண்களையும் முகத்தை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களுடைய குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் தகவல் அனுப்பினார்கள்.

கவனியுங்கள். அந்தப் பெண்கள் தங்கள் சொந்தப் பேரை எங்கும் சொல்லவில்லை. பேரை மறைத்துக்கொள்ளலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார்கள். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. 2018-ல் அந்தச் சேவை பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டது. அதைச் செய்த நிறுவனம் மூடப்படவில்லை. அதே தொழில்நுட்பத்தை அரசுகளுக்கும் கம்பெனிகளுக்கும் விற்கப் போய்விட்டது.

கேட்காமல் சேர்த்த 3,000 கோடி படங்கள்

அமெரிக்காவில் 'கிளியர்வியூ ஏஐ' என்று ஒரு நிறுவனம். ஃபேஸ்புக், யூடியூப் போன்ற தளங்களில் பொதுவில் கிடந்த படங்களை யாரையும் கேட்காமல் அள்ளிச் சேர்த்தது. 2020 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை வெளிக்கொண்டு வந்தபோது அவர்களிடம் இருந்தது 300 கோடி படங்கள். பிறகு அது 3,000 கோடியைத் தாண்டியது. இதைப் போலீஸ் துறைகளுக்கு விற்றார்கள். பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் நாடுகள் 2022-ல் தலா 2 கோடி யூரோ அபராதம் போட்டன. நெதர்லாந்து 2024-ல் 3 கோடியே 5 லட்சம் யூரோ போட்டது.

'பிம்ஐஸ்' என்று இன்னொன்று. 2017-ல் போலந்தில் தொடங்கியது. இதைப் போலீஸ் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். "உங்கள் சொந்த முகத்தை மட்டும் தேடுங்கள்" என்பது அவர்கள் விதி. ஆனால் "ஆமாம், இது என் முகம்தான்" என்று ஒரு டிக் அடித்தால் வழி திறந்துவிடுகிறது. 2024-ல் அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள், கேமரா வைத்த மூக்குக் கண்ணாடியை இதோடு இணைத்து, எதிரே வருபவரின் பேரையும் விலாசத்தையும் எடுக்க முடியும் என்று செய்து காட்டினார்கள்.

ஆள் மாறியும் போகும்

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். 2018-ல் அமெரிக்காவில் இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களிடம் அதிகபட்சத் தவறு நூற்றுக்கு 0.8. கறுத்த தோல் பெண்களிடம் நூற்றுக்கு 34.7 வரை தவறு. கணினிக்குக் காட்டிப் பழக்கிய படங்களில் நம்மைப் போன்றவர்களின் படம் குறைவாக இருந்தால், நம்மை அடையாளம் காண்பதிலும் தடுமாறும்.

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரை, காரைப் பறித்த வழக்கில் போலீஸ் கைது செய்தது. கணினி அவர் முகத்தைக் காட்டியதுதான் தொடக்கம். பல மணி நேரம் காவலில் இருந்தார். பிறகு வழக்கு தள்ளுபடி ஆனது. சரியாக அடையாளம் காட்டினாலும் ஆபத்து, தப்பாகக் காட்டினாலும் ஆபத்து. இரண்டையும் மனசில் வைக்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் காக்கப்படுவது நம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. முக்கியமான பொறுப்புகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. நம் தகவலை எடுக்க நம் சம்மதம் வேண்டும் என்பது இதன் அடிப்படை.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒருவர் தன் தகவலைத் தானே பொதுவில் வெளியிட்டிருந்தால், அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது நீங்களே எல்லோரும் பார்க்கும்படி போட்ட போட்டோவை யாராவது அள்ளிக்கொண்டு போனால், இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது கஷ்டம். அதனால்தான் போடுவதற்கு முன் யோசிக்கச் சொல்கிறோம்.

சட்டம் கண்டிப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2008-லேயே, ஒருவரின் முக அளவை எடுக்க எழுத்து மூலம் சம்மதம் வாங்கணும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தை வைத்து மக்கள் போட்ட வழக்கில் ஃபேஸ்புக் 65 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில், தன்னிடம் இருந்த 100 கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் முக அளவுகளை அழிப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

பயிற்சியில் உறுப்பினர்கள் கேட்டவை

"நாங்க என்ன சினிமா நடிகையா? எங்களை யாரு தேடப்போறா?"

நம்மைத் தேடுகிறவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் இல்லை. அடித்து விரட்டிய புருஷன், "முடியாது" என்று சொன்னதைத் தாங்காத பையன், வட்டிக்காரர், சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணைத் தேடும் வீட்டார். இவர்களிடம் நம் பழைய போட்டோ ஒன்றாவது இருக்கும்.

"வாட்ஸ்அப் குரூப்ல மட்டும்தானே போடுறோம்?"

குரூப்பில் இருக்கும்வரை முகத் தேடல் கணினிக்கு அது எட்டாது. ஆனால் இருநூறு பேர் உள்ள குரூப்பிலிருந்து ஒருவர் எடுத்து ஃபேஸ்புக்கில் பொதுவில் போட்டால் போதும், எட்டிவிடும்.

"பாஸ்வேர்ட் போச்சுன்னா மாத்திக்கலாம். இதுக்கு?"

மாற்ற முடியாது. அதுதான் மற்ற தகவலுக்கும் முகத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

"அப்போ போட்டோவே எடுக்கக் கூடாதா?"

இந்தக் கேள்விதான் எங்களை ரொம்ப யோசிக்க வைத்தது. நம்மில் பலருக்கு முதல் போட்டோவே பேங்க் பாஸ்புக்குக்காக எடுத்ததுதான். "பொம்பளைக்கு எதுக்குப் போட்டோ?" என்று சொன்னவர்களை மீறித்தான் மேடை ஏறினோம், பத்திரிகையில் வந்தோம். பாதுகாப்பு என்ற பேரில் அதே தடையை நாமே போடக் கூடாது. முகத்தை மறைக்கணும் என்று நாங்கள் சொல்லவில்லை. எந்தப் படம், எங்கே, யார் பார்க்க என்பதை அந்தப் பெண் முடிவு செய்யணும் என்றுதான் சொல்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

1. வாட்ஸ்அப் முகப்புப் படத்தை 'என் தொடர்புகள் மட்டும்' பார்க்கும்படி வையுங்கள். ஃபேஸ்புக்கில் பக்கத்தைப் பூட்டி வைக்கும் வசதி இந்தியாவில் 2020 முதல் உண்டு. தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

2. பிள்ளைகளின் படத்தைப் பள்ளிச் சீருடையோடு, பள்ளிப் பெயரோடு பொதுவில் போடாதீர்கள்.

3. கடன் செயலி உங்கள் போட்டோக்களையும் தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். கடன் செயலிகள் அவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

4. "உங்க முகம் எங்கே இருக்குன்னு பாருங்க" என்று வரும் தளங்களில் அவசரப்பட்டுப் படத்தை ஏற்றாதீர்கள். தேடப்போய் நாமே முகத்தைக் கொடுத்தது போல ஆகிவிடும்.

5. அந்தரங்கப் படத்தைப் பரப்புவதாக யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி. பெண்கள் உதவி எண் 181. பணம் பறிபோயிருந்தால் 1930. மகளிர் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாமல் குழுவோடு போங்கள். ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வதும், அவர் இணையத்தில் என்ன செய்கிறார் என்று கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்படி குற்றம்.

கூட்டமைப்பு எடுத்த தீர்மானங்கள்

* போட்டோ எடுக்கும் முன் எதற்கு, எங்கே வரும் என்று சொல்லிச் சம்மதம் கேட்கணும். வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது.
* பொதுவில் போடும் படத்தின் கீழ் உறுப்பினர் பெயரும் ஊர் பெயரும் சேர்த்து எழுதக் கூடாது.
* கடன் மனுவுக்கும் குழுக் கோப்புக்கும் எடுத்த படத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் களப் பணியாளர் தன் செல்போனிலிருந்து அழித்துவிடணும்.
* "என் படத்தை எடுத்துடுங்க" என்று எப்போது சொன்னாலும் அன்றே நீக்கணும்.

இதுவரை பக்கத்தில் இருந்த பழைய படங்களில் பாதியை எடுத்துவிட்டோம். அள்ளிக்கொண்டு போனவர் யாராவது இருந்தால் அதைத் திரும்ப வாங்க நம்மால் முடியாது. இனிமேல் நடப்பதையாவது சரியாகச் செய்வோம்.

அந்த உறுப்பினர் இப்போது தவறாமல் கூட்டத்துக்கு வருகிறார். இந்த வருட மகளிர் தினக் குரூப் போட்டோவில் அவர் இல்லை. "நான் எடுக்கிறேன், கொடுங்க" என்று செல்போனை வாங்கி அந்தப் படத்தை எடுத்தவர் அவர்தான்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழு உறுப்பினர்களின் படங்கள் யார் யார் செல்போனில் இருக்கின்றன? எதற்காக எடுத்தார்கள்?
2. நம் குழுவில் போட்டோ வெளியே போனால் ஆபத்து வரக்கூடியவர் யாராவது இருக்கிறாரா? அவர் அதை நம்மிடம் தயங்காமல் சொல்ல முடிகிறதா?
3. வீட்டில் நம் படத்தைப் பிள்ளைகளோ மற்றவர்களோ போடும்போது நம்மைக் கேட்கிறார்களா? அவர்கள் படத்தைப் போடும்போது நாம் கேட்கிறோமா?

வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டு வாருங்கள்.